‘அடுத்த பக்கம்’ வந்த வழி

ஒரு தரவுத்தளத்தில் 40 லட்சம் பதிவுகள் இருக்கின்றன; திரையில் 20க்குத்தான் இடம். இந்த ஏற்றத்தாழ்வைச் சமாளிக்கப் பிறந்தது ‘அடுத்த பக்கம்’ என்ற பொத்தான். வங்கிக் கணக்கின் வரவு செலவு, இணையக் கடையின் சேலைகள், வேலைவாய்ப்பு அறிவிப்புகள் என்று எதைத் தேடினாலும் முடிவுகளின் அடியில் அது நிற்கிறது. அழுத்தினால் அடுத்த 20 வரும். எதுவும் விடுபடாமல், எதுவும் இரண்டு முறை வராமல் வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

அந்த நினைப்பு பலிக்குமா என்பது, நிரல் எழுதியவர் இரண்டு வழிகளில் எதைப் பிடித்தார் என்பதில் இருக்கிறது. முதல் பதிவிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து வேண்டிய இடத்தில் நிறுத்துவது ஒரு வழி. கடைசியாகக் காட்டிய பதிவு எது என்று குறித்துவைத்து, அதற்கு அடுத்ததிலிருந்து தொடர்வது இன்னொரு வழி. பெருங்கணினிக் காலத்தில் இரண்டாவது வழிதான் நடைமுறை. வலை வந்ததும் பெரும்பாலோர் முதல் வழிக்கு மாறினார்கள். தரவு பெருத்து சர்வர்கள் திணறத் தொடங்கிய பிறகு, பலரும் பழைய வழிக்கே திரும்பியிருக்கிறார்கள்.

24 வரித் திரை

ஐ.பி.எம். நிறுவனம் 1971இல் 3270 என்ற முனைய வரிசையை அறிவித்தது. அவற்றில் பரவலாகப் புழங்கிய திரையில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். மொத்தம் 1,920 எழுத்துகள். கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து. வங்கி, காப்பீடு, அரசு அலுவலகம் என்று நீளமான பட்டியல் வைத்திருந்தவர்களின் மேசைகளுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. தலைப்புக்கும் கட்டளை வரிக்கும் போக, பட்டியலுக்கு மிஞ்சிய இடம் கொஞ்சம்தான். பக்கம் பக்கமாக வெட்டிக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. எஃப்8 அழுத்தினால் முன்னோக்கி, எஃப்7 அழுத்தினால் பின்னோக்கி என்ற வழக்கம் அந்த உலகில் வேரூன்றியது. பெருங்கணினித் திரைகளில் இன்றும் அந்த இரண்டு விசைகளுக்கும் அதே வேலைதான்.

அந்தத் திரைகளையும் நிரல்களையும் இணைத்த மென்பொருள் சி.ஐ.சி.எஸ். 1969இல் வெளிவந்தது. நினைவகம் விலை மிகுந்த காலம். ஒரே கணினியைப் பல முனையங்கள் பங்கிட்டுக்கொண்டன. ஊழியர் ஒரு பக்கத்தைப் படித்து முடிக்கும்வரை அவருடைய நிரல் நினைவகத்தை அடைத்துக்கொண்டு சும்மா காத்திருந்தால் கட்டுப்படியாகாது. ஆகவே நிரல் ஒரு திரையை அனுப்பியவுடன் முடிந்துவிடும். போகுமுன் ஒரு சிறு குறிப்பை மட்டும் விட்டுவைக்கும்: திரையில் கடைசியாக நின்ற வாடிக்கையாளரின் எண் இன்னது. எஃப்8 அழுத்தப்பட்டதும் நிரல் புதிதாகத் தொடங்கும், குறிப்பை எடுக்கும், கோப்பின் இண்டெக்ஸ் என்ற சுட்டிப் பட்டியல் வழியாக அந்த எண்ணுக்கு நேராகப் போகும், அதற்குப் பின்னால் உள்ளவற்றில் ஒரு திரைக்கு ஆனதைப் படித்து அனுப்பிவிட்டு மறுபடி முடிந்துபோகும்.

தான் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறோம் என்று அந்த நிரல் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. 37ஆம் பக்கத்தைக் கேட்க ஊழியருக்கும் வழி கிடையாது. அதற்குப் பதில், பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி, பட்டியலை அங்கிருந்து தொடங்கச் சொல்லலாம்.

முன் பின் இல்லாத அட்டவணை

1970 ஜூனில் எட்கர் காட் என்ற ஐ.பி.எம். ஆய்வாளர், சான் ஹோசேயில் இருந்தபடி ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்று புழங்கும் பெரும்பாலான தரவுத்தளங்களுக்கு மூலம் அதுதான். அவர் விவரித்த அட்டவணை, கணிதத்தில் வரும் கணம். ஒரே வரி அதில் இரண்டு முறை இருக்காது. வரிகளுக்குள் முன் பின் கிடையாது. தரவு வட்டில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற கவலையிலிருந்து நிரலாளரை விடுவித்த கொள்கை இது. பக்கம் புரட்டுபவருக்கோ இது ஒரு புதுச் சிக்கலைக் கொண்டுவந்தது. முன் பின் இல்லாத கூட்டத்தில் ‘அடுத்த 20’ எது?

1974இல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அறிமுகப்படுத்திய, தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் சீக்வெல் மொழியின் வாரிசுதான் இன்றைய எஸ்.க்யூ.எல். வரிசை வேண்டுமென்றால் ‘ஆர்டர் பை’ என்று கேட்டு வாங்க வேண்டும் என்பது அதன் விதி. கேட்காவிட்டால் தரவுத்தளம் தன் வசதிப்படி ஏதோ ஒரு வரிசையில் கொடுக்கும். நாளைக்கு வேறு வரிசையில் கொடுத்தாலும் அதைப் பிழை என்று சொல்ல முடியாது. சோதனையில் ஒழுங்காக வந்த பட்டியல், பலர் பயன்படுத்தத் தொடங்கியதும் கலைந்து வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த ‘ஆர்டர் பை’ விடுபட்டிருக்கிறதா என்பதைத்தான்.

கூட்டம் கூட்டமாகப் பதில் தரும் தரவுத்தளத்துக்கும் ஒவ்வொரு வரியாகப் படிக்கும் நிரலுக்கும் நடுவே பாலமாக வந்தது கர்சர். கேள்வியைத் திறந்துவைத்துக்கொண்டு வேண்டும்போது அடுத்த வரியை வாங்கிக்கொள்ளலாம். அலுவலகக் கணினிகள் நேரடியாகத் தரவுத்தள சர்வரோடு இணைந்திருந்த 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் இது நன்றாகவே ஓடியது. ஒரு குறைதான்: ஊழியர் பட்டியலைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் இணைப்பும் திறந்தே கிடக்கும். சில தரவுத்தளங்களில் அந்த வரிகளின் மேல் போட்ட பூட்டும் அவர் திரும்பி வரும்வரை விழுந்தே கிடக்கும்.

வலையின் மறதி

டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் செர்ன் ஆய்வகத்தில் முன்மொழிந்த வலையில் ஒவ்வொரு கோரிக்கையும் தனி. சற்று முன் கேட்டவர்தான் இப்போதும் கேட்கிறார் என்பது சர்வருக்குத் தானாகத் தெரியாது. 1993இல் வந்த சி.ஜி.ஐ. முறையில், கோரிக்கை வந்ததும் ஒரு நிரல் தொடங்கும். பக்கத்தை அனுப்பியதும் முடிந்துவிடும். நிரலோடு தரவுத்தள இணைப்பும் போகும், இணைப்போடு கர்சரும் போகும்.

சி.ஐ.சி.எஸ். நிரலாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்ட அதே நிலைமை இது. ஆனால் வலைத்தளம் கட்ட வந்தவர்களில் பெரும்பாலோர் புதியவர்கள். அவர்கள் கையில் கிடைத்தவை பி.எச்.பி. என்ற நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளமும், இரண்டும் 1995இல் வெளிவந்தவை. மைஎஸ்க்யூஎல்லில் ‘லிமிட் 40, 20’ என்று எழுதினால் போதும்: முதல் 40ஐ விட்டுவிட்டு அடுத்த 20ஐத் தரும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இதையே ‘லிமிட்’, ‘ஆஃப்செட்’ என்று இரண்டு சொற்களாக எழுதுவார்கள்.

பக்க எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து 20ஆல் பெருக்கினால், எத்தனையை விட வேண்டும் என்பது வந்துவிடும். பக்க எண்ணை வலை முகவரியிலேயே எழுதிவைக்கலாம். மொத்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்கினால் 1, 2, 3 என்று கடைசிவரை இணைப்புகளை அடுக்கலாம். சர்வர் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டாம். பாடப் புத்தகங்களும் நிரல் சட்டகங்களும் இதையே கற்றுக்கொடுத்தன.

மற்றத் தரவுத்தளங்களில் பாதை இவ்வளவு நேராக இல்லை. ஆரக்கிளில் ‘ரோநம்’ என்ற வரிசை எண் இருந்தது. ஆனால் அதை, ‘ஆர்டர் பை’ வேலை செய்வதற்கு முன்பே வரிகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். விஷயம் தெரியாமல் எழுதினால், ஏதோ 20 வரிகளைப் பிடுங்கி அவற்றை மட்டும் அழகாக அடுக்கிக் கொடுக்கும். சரியாக வாங்க, ஒரு கேள்விக்குள் இன்னொன்று, அதற்குள் வேறொன்று என்று மூன்றடுக்காக எழுத வேண்டியிருந்தது. எத்தனையை விட்டு எத்தனையைக் கொடுப்பது என்று பொதுவாக எழுதும் முறை எஸ்.க்யூ.எல். தரத்தில் சேர்ந்தது 2011இல்தான். மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வர் 2012இலும் ஆரக்கிள் 2013இலும் அதை ஏற்றன.

பக்க எண்ணைப் பாமரருக்கும் பழக்கிய பெருமை தேடுபொறிகளுக்கு உண்டு. கூகுள் தன் பெயரில் உள்ள ‘ஓ’ எழுத்தைப் பக்கத்துக்கு ஒன்றாக நீட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண் போட்டது. ஆனால் கூகுளே கோடிக்கணக்கான முடிவுகள் இருப்பதாகச் சொல்லிவிட்டு, சில நூறைத் தாண்டிப் போக விடாது. அதற்குக் காரணம் எண்ணுவதன் விலை.

எண்ணுவதன் விலை

முதல் சில பக்கங்களில் அந்த விலை தெரியாது. பக்கத்துக்கு 20 என்று வைத்து ஒருவர் 5,000ஆம் பக்கத்தைக் கேட்கிறார் என்று கொள்வோம். விட வேண்டியவை 99,980; கொடுக்க வேண்டியவை 20. ‘விடு’ என்று சொன்னால் தரவுத்தளம் தாவிவிடாது. ஒரு லட்சத்தையும் ஒவ்வொன்றாகக் கடந்து, 99,980ஐத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தரும்.

நேராக அங்கே குதிக்க முடியாதா? பெரும்பாலான இண்டெக்ஸ்களுக்கு அடிப்படை, போயிங் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் உருவாக்கி 1972இல் இதழில் வெளியிட்ட பி-மரம். ஒரு கணுவுக்கு 200 கிளைகள் என்றால் மூன்று படிகளில் 80 லட்சம் பதிவுகளையும், நான்கு படிகளில் 160 கோடியையும் எட்டலாம். ‘இந்த எண்ணுள்ள பதிவு எங்கே’ என்று கேட்டால் நான்கே படிகளில் இறங்கிக் காட்டிவிடும். ‘ஒரு லட்சமாவது பதிவு எங்கே’ என்று கேட்டால் அதற்குத் தெரியாது. தனக்குக் கீழே எத்தனை பதிவுகள் உள்ளன என்று கணுக்கள் கணக்கு வைத்திருப்பதில்லை.

வைத்திருந்தால் என்ன என்று தோன்றும். அப்படி வைத்தால், ஒரு பதிவு சேரும்போதும் நீங்கும்போதும் அடியிலிருந்து உச்சிவரை கணக்கைத் திருத்த வேண்டும். எழுத வரும் அத்தனை பேரும் உச்சிக் கணுவில் மோதிக்கொள்வார்கள். போதாக்குறைக்கு, இன்றைய தரவுத்தளங்களில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இருவருக்கு ஒரே அட்டவணை வெவ்வேறாகத் தெரியலாம். ஒருவர் எழுதி இன்னும் உறுதி செய்யாத பதிவு மற்றவர் கண்ணுக்குப் படாது. யாருடைய எண்ணிக்கையை உச்சியில் எழுதுவது? போஸ்ட்கிரஸும் மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி இயந்திரமும் மொத்த எண்ணிக்கையைக் கேட்டால் உட்கார்ந்து எண்ணுவது இதனால்தான். ‘மொத்தம் 40 லட்சம் முடிவுகள்’ என்ற ஒற்றை வரி, அதன் கீழே வரும் 20 பதிவுகளைவிடப் பலமடங்கு செலவு பிடிக்கலாம்.

5,000ஆம் பக்கத்துக்கு யார் போகிறார்கள்? மனிதர்கள் அரிது. இணைப்பு இருக்கும் இடமெல்லாம் நுழையும் தேடுபொறி ரோபோக்கள் போகும். மொத்தத் தரவையும் இறக்கிக்கொள்ள வரும் நிரல்கள் போகும். பத்து லட்சம் பதிவுகளை நூறு நூறாக ஒரு நிரல் ஆஃப்செட் முறையில் வாங்கினால் 10,000 பக்கங்கள் ஆகும். ஒவ்வொரு பக்கத்துக்கும் முதலிலிருந்து கடந்த வரிகளைக் கூட்டிப் பார்த்தால் 500 கோடியைத் தாண்டும். தரவு பல சர்வர்களில் பிரிந்து கிடந்தால் இன்னும் மோசம். நான்கு சர்வர்களில் பரவிய பட்டியலில் 9,991 முதல் 10,000 வரை வேண்டுமென்றால், அந்தப் பத்தும் எந்த சர்வரில் இருக்கின்றன என்று முன்கூட்டியே தெரியாது. நான்கும் தத்தம் முதல் 10,000ஐ அனுப்ப வேண்டும். 40,000ஐ அடுக்கி 39,990ஐ எறிய வேண்டும். எலாஸ்டிக்சர்ச் தேடல் மென்பொருள் 10,000க்கு மேல் போக இயல்பாகவே அனுமதி மறுப்பது இதற்காகத்தான்.

வேகக் குறைவையாவது காசு கொடுத்துச் சரிக்கட்டலாம். எண்ணிக்கை தவறுவதை அப்படிச் சரிசெய்ய முடியாது. புதியது முதலில் என்று அடுக்கிய செய்திப் பட்டியலின் முதல் பக்கத்தை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது மூன்று செய்திகள் புதிதாகச் சேர்கின்றன. இரண்டாம் பக்கத்துக்குப் போனால் ஏற்கெனவே படித்த மூன்று மறுபடியும் நிற்கும். இது கண்ணில் பட்டுவிடும். மாறாக, மேலிருந்து மூன்று நீக்கப்பட்டால், நீங்கள் பார்க்காத மூன்று பதிவுகள் சத்தமில்லாமல் முதல் பக்கத்துக்கு ஏறிவிடும். அவற்றை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள், விடுபட்டது தெரியவும் தெரியாது. நிலுவையில் உள்ள விண்ணப்பங்களை நூறு நூறாக எடுத்து முடித்து, ஆஃப்செட்டை நூறு நூறாக ஏற்றிக்கொண்டே போகும் இரவு நேர நிரல்களை நினைத்துப் பாருங்கள். முடிந்த நூறு பட்டியலைவிட்டுப் போனதும், மிச்சத்தில் முதல் நூறைத் தாண்டி அடுத்த நூறை எடுக்கும். பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் வேலை நிறைவடையும். பாதி விண்ணப்பங்கள் அப்படியே கிடக்கும்.

மயிலிறகு வைத்த இடம்

படித்துவரும் புத்தகத்தில் விட்ட இடத்தில் மயிலிறகு வைத்தால், முன்னால் இரண்டு தாளை யாரேனும் கிழித்தாலும் நம் இடம் மாறாது. பக்கம் புரட்டுவதில் இதற்கு இணையானது ‘கீசெட்’ முறை. ‘40ஐ விட்டு 20 கொடு’ என்பதற்குப் பதிலாக, ‘இந்தத் தேதிக்கு முந்தையவற்றில் 20 கொடு’ என்று கேட்பது. இண்டெக்ஸ் நான்கு படிகளில் அந்த இடத்தில் இறங்கிவிடும். இரண்டாம் பக்கமானாலும் இருபதாயிரமாவது பக்கமானாலும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான். மேலே எத்தனை சேர்ந்தாலும் நீங்கினாலும் கவலை இல்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே நொடியில் ஐந்து பதிவுகள் எழுதப்பட்டு, அவற்றில் மூன்றோடு பக்கம் முடிந்தால், ‘இந்த நொடிக்கு முந்தையவை’ என்ற கேள்வி மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். எனவே தேதியோடு, ஒவ்வொரு பதிவுக்கும் தனியாக உள்ள எண்ணையும் சேர்த்தே அடுக்க வேண்டும், சேர்த்தே ஒப்பிட வேண்டும். இரண்டு மதிப்புகளை ஒரு சோடியாக ஒப்பிடும் வசதி 1992ஆம் ஆண்டின் எஸ்.க்யூ.எல். தரத்திலேயே இருக்கிறது.

இதை நேரில் பார்க்க விக்கிப்பீடியாவுக்குப் போனால் போதும். தமிழ் விக்கிப்பீடியாவில் பெரிய பகுப்பு ஒன்றைத் திறந்தால் 200 கட்டுரைகள் தெரியும். அதற்குமேல் முந்தைய பக்கம், அடுத்த பக்கம் என்ற இரண்டு இணைப்புகள்தான். ‘அடுத்த பக்கம்’ அழுத்திவிட்டு முகவரியைப் பாருங்கள்: பக்க எண் இருக்காது, எந்தத் தலைப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது இருக்கும். கட்டுரையின் திருத்த வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டினால் முகவரியில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று ஒரு நேரக்குறி நிற்கும்.

நொடிக்கு நொடி தலையில் புதியது சேரும் பட்டியல்களை நடத்திய ட்விட்டரும் பக்க எண்ணைக் கைவிட்டு, ‘இந்த எண்ணுக்குக் கீழே உள்ளவை’ என்று கேட்கச் சொன்னது. 2010இல் அது உருவாக்கிய ஸ்னோஃப்ளேக் முறையில் பதிவு எண்ணுக்குள்ளேயே நேரமும் அடக்கம். ஃபேஸ்புக் 2015இல் வெளியிட்ட கிராஃப்க்யூஎல், ரிலே என்ற நிரல் கருவிகளோடு வந்த மரபில், ஒவ்வொரு பக்கத்தோடும் ஒரு கர்சர் வரும். பார்க்க அர்த்தமற்ற எழுத்துச்சரம். அடுத்த பக்கம் வேண்டுமென்றால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பது கடைசிப் பதிவைப் பற்றிய குறிப்பு. பச்சைத் திரை நிரல் விட்டுவைத்த அதே குறிப்புதான். தரவுத்தளக்காரர்களிடையே ஆஃப்செட்டுக்கு எதிராக விடாமல் பிரச்சாரம் செய்துவருபவர் ஆஸ்திரியாவின் மார்க்கஸ் வினாண்ட், எஸ்.க்யூ.எல். வேகம் பற்றிய அவருடைய நூல் 2012இல் வந்தது.

கீசெட்டுக்கும் எல்லைகள் உண்டு. 57ஆம் பக்கத்துக்கு நேராகக் குதிக்க முடியாது. விருப்ப எண்ணிக்கைபோல நிமிடத்துக்கு நிமிடம் மாறும் மதிப்பை வைத்து அடுக்கினால், நீங்கள் புரட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பதிவு நீங்கள் குறித்த இடத்தைத் தாண்டி ஏறலாம், இறங்கலாம். பின்னோக்கிப் போக, வரிசையைத் தலைகீழாக்கிக் கேட்டு, வந்ததை மறுபடி திருப்ப வேண்டும்.

பக்கம் மறைந்து, மீண்டும் வந்தது

2006இல் ஏஸா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர், பொத்தானே வேண்டாம் என்றார். அடியை நெருங்கியதும் அடுத்த தொகுதி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் முடிவிலா உருட்டலை அவர் உருவாக்கினார். சமூக வலைத்தளங்கள் அதைச் சுவீகரித்துக்கொண்டன. நிறுத்த இடமில்லாததால் ஜனங்கள் நிறுத்தாமல் பார்த்தார்கள். பின்னாளில் ரஸ்கினே அதற்காக வெளிப்படையாக வருந்தினார். பொருள் தேடுபவருக்கும் அதில் தொல்லை உண்டு: ஒரு பொருளைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்னால் வந்தால், பல தளங்களில் பட்டியல் உச்சிக்குப் போயிருக்கும். கூகுள் தேடல் 2021இல் கைப்பேசியிலும் 2022இல் கணினியிலும் தொடர் உருட்டலைக் கொண்டுவந்தது. 2024 ஜூனில் அதைக் கைவிடத் தொடங்கிப் பழையபடி பக்கங்களுக்கே வந்தது.

இந்தப் பயணத்திலிருந்து ஒரு தீர்ப்பு சொல்லலாம். சில நூறு பதிவுகள் உள்ள, அதிகம் மாறாத பட்டியலுக்கு ஆஃப்செட்டும் பக்க எண்ணும் போதும். அங்கே கீசெட் வீண் வேலை. வளர்ந்துகொண்டே போகும் பட்டியலுக்கு அடையாளம் வைத்துத் தொடர்வதே சரி. மொத்த எண்ணிக்கை யாருக்கும் வேண்டாம் என்றால் எண்ணாதீர்கள். 20 காட்ட 21 கேளுங்கள், 21ஆவது வந்தால் அடுத்த பக்கம் உண்டு. 400ஆம் பக்கத்துக்குப் போக ஒருவர் ஆசைப்பட்டால், அவருக்கு உண்மையில் தேவை ஆண்டு, ஊர், பெயர் என்று சுருக்கிக் கேட்கும் தேடல். நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சோதனை அட்டவணையில் பத்து லட்சம் பதிவுகளை நிரப்புங்கள். பட்டியலின் கடைசிவரை போய்ப் பாருங்கள்; நடுவே சில பதிவுகளை நீக்கியும் பாருங்கள். எதுவும் விடுபடவில்லை என்று உறுதியான பிறகு வெளியிடுங்கள்.